உடல்நலமில்லாதோர் பட்டியல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை, சான்றிதழ் ஒன்றின் நகல் வாங்குவதற்காக என் பழைய கல்லூரிக்குப் போயிருந்தேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அலுவலக வாசலில் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்ட புது அறிவிப்புப் பலகை இருந்தது. நடுவில் வண்ண எழுத்தில் ஒரு தாள்: 'மாணவர் நல மையம். உடல்சோர்வா, மனச்சோர்வா? தயங்காமல் வாருங்கள். செவ்வாய், வெள்ளி மாலை மூன்று முதல் நான்கு வரை.' வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சோர்ந்துகொள்ள அனுமதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சிரிக்கிற மாதிரி அதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நகல் வாங்கும் வரிசையில் போய் நின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே பெண்கள் விடுதியில் மூன்று வருடம் இருந்தேன். அப்போது கண்ணாடிப் பலகையெல்லாம் கிடையாது. மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை, ஒரு டப்பா சாக்பீஸ், ஒரு ஈரத்துணி. விடுதியின் அறிவிப்புகள் எல்லாம் அதில்தான் வரும். எழுதுவது நான். எங்களுடையது ஆத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். வீட்டில் எல்லோருக்கும் கையெழுத்து நன்றாக இருக்கும், சொல்லிக்கொள்ள வேறு சொத்து எதுவும் கிடையாது. முதல் வருடம் வார்டன் மேடம் என் விடுப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே போர்டு உன் பொறுப்பு" என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

'மாடியில் உள்ளாடைகள் உலர்த்தக் கூடாது.' 'குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' குழாயில் தண்ணீர் வந்தால் அல்லவா திறந்து போடுவதற்கு? ஆனாலும் எழுதினேன். 'தலைமுடியைக் கைகழுவும் தொட்டியில் போடுபவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளவும்.' அதையும் எழுதினேன், சுற்றிலும் ரோஸ் நிறச் சாக்பீஸில் பூக்கொடி வரைந்து. எல்லாவற்றுக்கும் அடியில் 'இப்படிக்கு, விடுதிக் காப்பாளர்' என்று போடுவேன். அந்த வரியை எழுதும்போது நானே காப்பாளர் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடும். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் உண்டு. 'உடல்நலமில்லாதோர்' என்று அதற்குத் தலைப்பு. எங்கள் விடுதியை வகுப்பு நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். வகுப்பைக் கட்டடித்துவிட்டு அறையில் தூங்கிவிடுவோம் என்று பயம். உடம்புக்கு முடியாதவள் காலை ஏழு மணிக்குள் என்னிடம் பேர் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பேர் இருந்தால் அறையில் படுத்திருக்கலாம், மெஸ்ஸில் கஞ்சி கிடைக்கும். அந்தப் பட்டியலை நான் ஒரு ரெஜிஸ்டரிலும் படி எடுப்பேன், அதைக் காட்டினால் வகுப்புக்குப் போகாதது குற்றமில்லை என்று ஆகிவிடும். கட்டத்தில் பேர் இல்லாதவள் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று பொருள். அவள் உடம்பு என்ன சொன்னாலும் சரி.

கடைசி வருடம், கடைசி செமஸ்டர். மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர் லாரித் தண்ணீரில் விடுதி ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் எந்தக் குளத்தில் மொண்டாரோ தெரியாது. ஒவ்வொருத்தியாகக் காய்ச்சல், வாந்தி என்று படுக்க ஆரம்பித்தோம். கட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள், பிறகு எட்டு, பிறகு பதினொன்று. கட்டம் போதாமல் பூக்கொடியை அழித்து இடம் உண்டாக்கினேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்லூரிக்குத் தரம் போடுகிற குழு வருவதாக இருந்தது. வார்டன் மேடம் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலே இருப்பவர்களுக்கு அஞ்சுகிறவர், அவ்வளவுதான். ஆனால் அஞ்சுகிறவர்களால் நடக்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை.

"போர்டுல இம்புட்டுப் பேரு இருந்தா வர்றவங்க என்னம்மா நெனைப்பாங்க? இனிமே மூணு பேருக்கு மேல எழுதாத."

"அப்ப மத்தவங்க, மேடம்?"

"நீயே பாத்து எழுது. யாருக்கு நெசமா முடியல, யாரு நடிக்கிறான்னு உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பி.எஸ்ஸி. கணக்குப் படிக்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஆனால் தெரியும் என்று தலையாட்டினேன். மறுநாளிலிருந்து விடியும்போதே பெண்கள் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், "உனக்கு நேத்தே கொடுத்தாச்சு, இன்னைக்குப் போயிட்டு வா" என்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என் அறைத் தோழிக்கு நெய்க்காரப்பட்டி. அப்பா கரும்பு விவசாயி. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் நாலு பக்கத்துக்குப் போடுகிற கணக்கை அவள் ஒரு பக்கத்தில் முடித்துவிடுவாள். பி.எட். படித்துக் கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டிலோ மாப்பிள்ளை தயாராக இருந்தார். அப்பாவும் மகளும் ஒரு பேச்சுக்கு வந்திருந்தார்கள். அதை அவள் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பாள்: "மூணு வருசத்துல டிகிரிய முடிச்சுப்போட்டு வந்தீன்னா உன்ற இஷ்டம் கண்ணு. முடிக்கலீன்னா எங்க இஷ்டம்." அந்த மூன்று வருடத்தில் இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி.

அவளுக்கும் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் கட்டத்தில் அவள் பேரை எழுதினேன். மூன்றாம் நாள் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி துறைத்தலைவருக்குச் சொந்தம். ஒருத்தி எழுதாவிட்டால் ஊரைக் கூட்டுவாள். ஒருத்திக்கு உண்மையாகவே நெருப்பாகக் கொதித்தது. நாலாவது ஆளை மறுநாள் வரச் சொன்னேன். மூன்று பேர் ஆகிவிட்டது. என் தோழியின் பேரை விட்டுவிட்டேன். அவள் என்னோடு சண்டை போடமாட்டாள். காரணம் அது ஒன்றுதான்.

"செரி புள்ள, நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வாசல் தாண்டி வாழைக்கன்று வைத்திருந்த பாத்தியிலேயே வாந்தி எடுத்தாள். அதற்குள் ஒன்பது மணி, பின்னால் கதவைப் பூட்டிவிட்டார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. சமையல் செய்கிற அக்கா அங்கே ஒரு சாக்கை விரித்து, "செத்த நேரம் இங்கன படுத்துக்க தாயி" என்று அவளைப் படுக்க வைத்தார். பட்டியலில் இல்லாதவளுக்குக் கஞ்சி கொடுக்கக் கூடாது என்பது விதி. அக்கா கொடுத்தார்.

மறுநாளும் கொட்டகைதான், அதற்கு மறுநாளும் அதேதான். பத்து நாள் அப்படியே போயிற்று. காலையில் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "பரவால்ல புள்ள" என்பாள். அவள் அப்படிச் சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்ததால் நம்பினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவள் சாப்பிடவில்லை, எழுந்து நடக்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது கண்ணில் படாமலா இருக்கும்?

பத்தாவது நாளுக்கு முந்தின நாள், தட்டைக் கழுவ நான் பின்பக்கம் போனபோது சமையல் அக்கா என்னை நிறுத்தினார்.

"ஏத்தா, இவ கண்ணப் பாத்தியா? மஞ்சளா கெடக்கு. காமாலையாட்டம் இருக்கு. மேடத்துக்கிட்டச் சொல்லு."

"நாளைக்குக் குழு வருதுக்கா. அது போகட்டும், சொல்லிர்றேன்."

"குழு வந்தா காமாலை ஒதுங்கி நிக்குமா?" என்றார் அக்கா. நான் தட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழு வந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். குளியலறையில் எங்கிருந்தோ தண்ணீர் வந்தது, அதுவும் சோப்போடு. மெஸ்ஸில் அன்றைக்கு மட்டும் அப்பளம். பலகையில் 'நல்வரவு' என்று எழுதி, மூன்று நிறத்தில் கோலம் போட்டிருந்தேன். வலது மூலைக் கட்டத்தில் வார்டன் மேடம் சொன்னபடி எழுதினேன்: 'உடல்நலமில்லாதோர் - இன்று எவரும் இல்லை.' குழுவில் நரைத்த மீசை வைத்த ஒருவர் அந்தப் பலகை முன்னால் நின்றுவிட்டார். "யாரும்மா எழுதினது? முத்து முத்தா இருக்கு" என்றார். மேடம் என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். நான் கைகூப்பினேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அந்த இடத்திலிருந்து ஐம்பது அடி தூரத்தில், விறகுக் கொட்டகையில், அவள் சுருண்டு படுத்திருந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லி உத்தரவு. சாத்தியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் குளியலறையில் மயங்கி விழுந்தாள். ஊருக்குப் போன் போட்டார்கள். மறுநாள் அவள் அப்பா வாடகைக் கார் பிடித்து வந்து அழைத்துக்கொண்டு போனார். மஞ்சள் காமாலை. பழனியில் ஆஸ்பத்திரி, பிறகு வீட்டில் பத்தியச் சாப்பாடு என்று இரண்டு மாதம் கிடந்து பிழைத்தாள். திரும்பி வந்தபோது வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

அவள் வந்த வாரம்தான் ஹால் டிக்கெட் கொடுக்கிற வாரம். வருகைப் பதிவு குறைந்தவர்களுக்கு டிக்கெட் கிடையாது. வீட்டில் கிடந்த நாட்களுக்குப் பழனி டாக்டரின் சர்டிபிகேட் இருந்தது, அதை ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தின பத்து நாள்தான் இடித்தது. அந்தப் பத்து நாளும் விடுதியில் இருந்துகொண்டே அனுமதியில்லாமல் வகுப்புக்கு வரவில்லை என்று கணக்காகியிருந்தது. அவள் உடம்பு சரியில்லாமல்தான் இருந்தாள் என்று வார்டன் எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுவிடலாம் என்று முதல்வர் சொல்லியிருந்தார். எழுதிக் கொடுக்க ரெஜிஸ்டர் வேண்டும். ரெஜிஸ்டர் என் கையெழுத்தில் இருந்தது.

வார்டன் அறையில் நாங்கள் நாலு பேர். மேடம் நாற்காலியில். அவள் அப்பா கையில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, "பரவாலீங்க" என்று சொல்லிவிட்டார். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

மேடம் பக்கங்களைப் புரட்டினார். "ரெண்டு நாள்தான் பேரு இருக்கு. மத்த நாள்ல இல்லையே."

"ஏனுங்கம்மா, முடியாமப் போயித்தானுங்க அப்படி உழுந்து கெடந்துச்சு. நல்லா இருந்த புள்ளைக்கு ஒரே நாள்ல காமாலை வந்துருமுங்களா?" என்றார் அவள் அப்பா.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா எழுதுற. நீயே சொல்லு. அந்தப் பத்து நாளும் இவளுக்கு முடியாம இருந்துச்சா?"

கேள்வி ஒன்று, மேடத்தின் கண்ணில் இருந்தது வேறொன்று. மூன்று பேருக்கு மேல் எழுதாதே என்று சொன்னதை நான் வெளியே விடுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பி.எட். சேர எனக்கு அவருடைய பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. அந்த வாரம் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். 'ஆமாம் மேடம், நான்தான் எழுதாமல் விட்டேன்' என்று ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் அவமானம், எனக்குக் கொஞ்சம் அவமானம், அவளுக்கு ஹால் டிக்கெட்.

"சொல்லு கண்ணு. நீதான கூட இருந்து பாத்துக்கிட்ட" என்றார் அவள் அப்பா.

அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசைமேல் விரித்திருந்த ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் மேடம்" என்றேன்.

பொய் என்று ஒருவரும் சொல்லமுடியாத வாக்கியம். மேடம் ரெஜிஸ்டரை மூடினார். அவள் அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. வெளியே வந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "நம்ம ஆலையில காச்சுன வெல்லமுங்க கண்ணு. கூட இருக்கற புள்ள நல்லாப் பாத்துக்குதுன்னு லெட்டர்ல எழுதியிருந்துச்சு. உனக்குன்னே எடுத்தாந்தேன்." வாங்கிக்கொண்டேன். அதைப் பக்கத்து அறைப் பெண்களோடு பங்கு போட்டோம். நானும் தின்றேன்.

சமையல் அக்கா விஷயம் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். "நான் வந்து சொல்லட்டுமா தாயி? எங்கொட்டகையிலதான பத்து நாளும் கெடந்தா. கஞ்சி ஊத்துனவ நானு."

"வேணாம்க்கா, உங்க வேலைக்கு ஆபத்து" என்றேன். அவருக்காகப் பார்க்கிறவள்போலச் சொன்னேன். அக்கா பேச ஆரம்பித்தால் என் பேர்தான் முதலில் வரும் என்பதுதான் என் பயம். "நீ சொன்னாச் சரிதான்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மேடம் ஒரு தாளைக் கொடுத்தார். 'தேர்வு எழுதத் தகுதி பெறாதோர்.' எங்கள் விடுதியில் ஒரே ஒரு தேர்வு எண், அவளுடையது. எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எப்போதும்போல அழகாகத்தான் வந்தது. பூக்கொடி மட்டும் போடவில்லை.

அறைக்குப் போனபோது அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் அந்த ஒரு செமஸ்டரை மட்டும் திரும்பப் படித்துத் தேர்வு எழுதலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா, "மூணு வருசமுன்னுதான பேச்சு" என்று சொல்லிவிட்டாராம். சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீ என்ற பேர விட்டதுக்குக் கோவமில்ல புள்ள. மூணு பேருதான் எழுதோணும்னா யாரையோ விடத்தான வேணும். நேத்தைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லுவீன்னு நெனச்சேன். அதான்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அவளும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்க் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னேன் சாமி" என்று, சின்னச் சின்னப் பாவங்களுக்கு நடுவில் சொருகிச் சொன்னேன். என்ன பொய், யாரிடம் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அவ்வளவு வேகமாகச் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொல்லி முடித்துவிட்டு, மதியம் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டேன். பரிந்துரைக் கடிதம் அடுத்த நாளே கிடைத்தது. பி.எட். சேர்ந்தேன். அவள் ஆசைப்பட்ட வேலையில் இன்றைக்கு இருப்பது நான்.

ஆனால் அதற்கு முன் இன்னொன்று நடந்தது. கடைசித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் 'விடுதி மாணவிகள் அனைவருக்கும்' என்றுதான் இருந்தது, என் பேர் தனியாக இல்லை. விடுதிக்கு வருகிற பத்திரிகைகளைப் பலகையில் ஒட்டுவது வழக்கம். மேடம் அதை என்னிடம் கொடுத்து, "ஒட்டிரும்மா" என்றார். மெஸ்ஸில் போய் நாலு பருக்கை சோறு வாங்கிப் பின்பக்கம் தேய்த்துப் பலகையின் சட்டத்தில் ஒட்டினேன். ஒட்டிவிட்டுத்தான் வாசித்தேன்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் படித்தவர்களின் பேருக்குப் பக்கத்தில் படிப்பையும் அச்சடித்துவிடுவார்கள். மாப்பிள்ளை பேருக்கு அடுத்து டி.எம்.இ. என்று இருந்தது. மாப்பிள்ளையின் தங்கைக்குக்கூட பி.காம். என்று இருந்தது. மணமகள் பேருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. மூன்று வருடம், என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவள், வெறும் பேர்.

முதல் வருடப் பெண் ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இவங்க உங்க ரூம் அக்காதான? டிகிரி முடிக்கலையாக்கா?"

"முடிக்கல" என்றேன். நான்தான் முடிக்க விடவில்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.